நாத்தனார்கள் மங்கிய ஆண்டு

ஆவாரங்கோட்டையில் நாத்தனார்கள் மங்கத் தொடங்கிய ஆண்டில் மழை தன் காலத்தில் பெய்தது, கடலை நன்றாக விளைந்தது, பேருந்துக் கட்டணம் ஏறியது, ஊரில் நடந்த நாற்பத்தொரு திருமணங்களும் மிக அழகாகப் படமெடுக்கப்பட்டன. ஆகையால் அந்த ஆண்டை நல்ல ஆண்டென்றே ஊரார் இன்றும் சொல்வார்கள், அப்படிச் சொல்லும்போது சிலர் மட்டும் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பின்னால் இருப்பதைக் கரைக்கும் லென்ஸ்கள் அவ்வாண்டுதான் ஊருக்குள் வந்தன. அதற்கு முந்தைய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிவார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தலின் கிழிசலும், மண்டபச் சுவரில் எவரோ சுண்ணாம்பு தடவிய விரல்தடமும், எச்சில் இலைக் கூடையும், சம்பந்தி மரியாதை போதவில்லை என்று முகம் தூக்கி நிற்கும் பெரியப்பாவும் அதே தெளிவோடு தெரிவார்கள். புதிய லென்ஸ்களோ ஒரு முகத்தைப் பற்றிக்கொண்டு, மற்ற உலகத்தை அடுப்போரம் வைத்த வெண்ணெயைப் போல உருக்கிவிட்டன. சுவர் உருகியது, கூடை உருகியது, பெரியப்பாவும் உருகினார். பார்த்தவர்கள் சினிமா போல இருக்கிறதென்றார்கள். தம் வீட்டுக் கல்யாணமும் அப்படியே இருக்கவேண்டுமென்றார்கள்.

இவ்வூர் வழக்கப்படி, மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போட்டதும், அவனோடு பிறந்தவள், பெண்ணின் முதுகுக்குப் பின்னே விளக்கேந்தி நிற்பவள், குனிந்து மற்ற இரண்டு முடிச்சுகளையும் போடுவாள். மூன்றில் இரண்டு முடிச்சு அவளுடையது என்பதை நினைவில் வையுங்கள். கல்யாணத்திலேயே அதிகமாகப் படமெடுக்கப்படும் கணம் அதுதான். லென்ஸ் பெண்ணின் கழுத்தையும் மாப்பிள்ளையின் விரல்களையும் பற்றிக்கொள்ள, இரண்டு முடிச்சுக்குரியவள் ஒரு முழம் பின்னால் நின்ற குற்றத்திற்காகக் கரைந்தாள். கரைந்தவள் மண்டபத்தை விட்டு வெயிலுக்கு வந்தபோதும் கரைந்தே இருந்தாள். முதலில் மங்கியவள் நூல் கடைக்காரரின் தங்கை தில்லைநாயகி. அவள் பந்தியில் வந்து உட்கார்ந்தபோது, இலை போடுகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரும்மா அது, நம்ம தில்லையா? புகை கண்ணுல பட்டுருச்சு போல" என்றார். புகை எதுவும் இல்லை. அவளுடைய மூக்கும் கன்னமும் எங்கே பிரிகின்றன என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. காதின் தோடு ஒரு மஞ்சள் வட்டமாக அவள் தலையருகே மிதந்தது.

இதை ஊர் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதைச் சொல்லவே நான் இதை எழுதுகிறேன். ஊர் மிக எளிதாக ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடையின் ரேகைக் கருவி மங்கியவர்களின் விரலை அறிய மறுத்தபோது, கடைக்காரர் நல்ல மனிதராகையால் அவர்களைத் திருப்பி அனுப்பாமல், 'மங்கியவர்கள் வியாழக்கிழமை காலை வரவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினார். நடத்துநர்கள், "மங்கலா இருக்கவங்க ஏறும்போதே குரல் குடுத்துருங்க, அப்புறம் டிக்கெட் வாங்கலன்னு சண்டை வரக்கூடாது" என்றார்கள். குழந்தைகள் தாயின் சேலை முனையைத் தொட்டுப் பார்த்துத் தெளிந்துகொண்டார்கள். தேநீர்க் கடையில் ஒருவர், "எம் பொண்டாட்டி மொறைக்காளா சிரிக்காளான்னே தெரியல, வீடு நிம்மதியா இருக்கு" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், சொன்னவரும் சிரித்தார், பிறகு தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வலிக்கிறதா என்று மங்கியவர்களைக் கேட்டபோது அவர்கள் வலிக்கவில்லை என்றார்கள். அந்த விடையை ஊர் பெரிதும் விரும்பியது. வலிக்காத ஒன்றைக் குறித்து எதற்காகக் கவலைப்படவேண்டும்?

குளத்தில் ஒருவன் தாமரை ஒன்றைக் கண்டானாம். அதன் அழகைக் கெடுக்கிறதென்று சுற்றியிருந்த பாசியை அகற்றினான், பிறகு சேற்றை அகற்றினான், பிறகு தண்ணீரையும் இறைத்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் தாமரையைத் திருடியவன் யாரென்று ஊரெல்லாம் கேட்டானாம். நண்பர்களே, நாம் அந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்கும் வாயை மூடிக்கொண்டு நம் வீட்டு ஆல்பத்தைத் திறந்து பார்ப்போமாக.

பவுன்ராஜ் என்பவர் அவ்வூரின் கடைத்தெருவில் சிறிய ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் ஒரு கேமராவும், கேமராவோடு வந்த சாதாரண லென்ஸும் இருந்தன. அந்தச் சாதாரண லென்ஸ் எதையும் கரைக்காது. அதனாலேயே அதைக் கண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே அவர் அதை மாற்றாகக் கொடுத்து, மேலும் பணம் போட்டு, பின்னணியைக் கரைக்கும் ஐம்பது எண் லென்ஸ் ஒன்றை வாங்கினார். தொழில் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும்: லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் முன்னும் பின்னும் ஒருசேரத் தெளியுமே, அவர் ஏன் சுருக்கவில்லை என்று. ஆவாரங்கோட்டையில் ஒருமுறை முகூர்த்த நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்ட லென்ஸ் அதன்பின் சுருங்குவதில்லை. துவாரத்தின் எண்ணைச் சுருங்கிய பதினாறில் வைத்தாலும் படம் முழுதாகத் திறந்த ஒன்று புள்ளி எட்டில்தான் விழும். ருசி கண்ட வாயைப் போன்றது அது.

அவருடைய மனைவி செண்பகவல்லி ஆல்பங்களில் படம் ஒட்டுகிறவள். கையில் பசையும் வாயில் கேலியுமாக இருப்பவள். அவளுக்கு ஒரே தம்பி. தம்பிக்குக் கல்யாணம் கூடியபோது பவுன்ராஜ், "விளக்குப் பிடிக்க வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லுவோம்" என்றார்.

"எந் தம்பிக்கு வேற யாரு முடிச்சுப் போடுவா? வாடகைக்கு அக்கா பிடிப்பீங்களா?" என்றாள் அவள். "போட்டோ எடுக்கதே நீங்கதான. நான் வராம பாத்து எடுங்க. கட்டுன பொண்டாட்டிய ஓரமா ஒதுக்குறது ஒங்களுக்குப் புதுசா என்ன?"

அவர் சிரித்தார், ஒதுக்கியே எடுப்பதாக வாக்களித்தார். மேளம் வேகமெடுத்து, அட்சதை பறந்து, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுக் கையை எடுத்தபோது, அவர் மணமக்களை மட்டும் படச் சட்டத்துக்குள் வைத்திருந்தார். அப்போது செண்பகவல்லி முடிச்சுப் போடக் குனிந்தாள். விளக்கின் சுடர் அவள் கன்னத்தில் ஏறியது. சட்டத்தின் மூலையில் அவள் முகம் பொன்னும் செம்மையுமாய்க் கரைந்து பரவியது. அவர் அதைக் கண்டார். அது தம் மனைவி என்பதையும் கண்டார். படம் மிக அழகாக இருப்பதையும் கண்டார். அழுத்திவிட்டார். தவறிப்போய் அழுத்தியதாக அவர் பின்னர் எல்லாரிடமும் சொன்னார், தமக்குத் தாமே சொல்லிக்கொண்டபோது மட்டும் அது பொய்யென்று தெரிந்தது.

அந்தப் படத்தையும் அவளே ஆல்பத்தில் ஒட்டினாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவள் முகத்தில் என்ன இருந்ததென்று அறிய வழியில்லை.

அதன் பிறகு பவுன்ராஜின் வீட்டுக்குள் அச்சம் குடியேறியது. முதல் வாரம் அவள் விளிம்புகள் மட்டுமே கலங்கியிருந்தன. இரண்டாம் வாரம் கண்ணிருக்கும் இடம் இரண்டு சாம்பல் நிழல்களாயிற்று. மூன்றாம் வாரம் அவள் குரலும் பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. மீண்டும் படமெடுத்துத் தெளியவைக்கலாமென்று அவர் முயன்றார். அவளைச் சுவரோரம் நிறுத்திக் கேமராவைத் தூக்கினால், முகம் தேடுகிற பச்சைச் சதுரம் அவள்மீது ஒரு கணம் நடுங்கி, பிடிப்பு இல்லாமல் வழுக்கி, காலண்டரின் மீதோ சுவிட்சின் மீதோ போய் அமர்ந்துகொள்ளும். கைப்பேசியும் முகம் தேடுகிற கருவிதான். அதன் மஞ்சள் சதுரமும் அவளைக் கடந்துபோயிற்று. தேடுகின்ற கண்ணெல்லாம் தனக்குப் பிடித்ததைத்தான் கண்டடைகிறது.

இதைவிடக் கொடியது தில்லைநாயகியின் செய்தி. முதலில் மங்கியவளாகிய அவள், கொழுந்தன் கல்யாணத்தில் இரண்டாம் முறையும் ஒரு படத்தின் பின்னால் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவளைக் கண்டதாகச் சொல்பவர் இல்லை. பவுன்ராஜ் நூல் கடைக்குப் போய் அவள் அண்ணனை விசாரித்தார்.

"எந்தத் தில்லை?" என்றார் அண்ணன், நூற்கண்டைச் சுற்றிக்கொண்டே. "நாங்க அண்ணந் தம்பி மூணு பேரு. பொம்பளப் பிள்ள கெடையாதேன்னு எங்கம்மாவுக்குத் தீராத குறை."

"ஒங்க தாலி முடிச்சு யாரு போட்டது அண்ணாச்சி?"

அண்ணன் நூலை நிறுத்தினார். "யாரோ போட்டாக. முடிச்சு இருக்குல்லா" என்றார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பவுன்ராஜ் பார்த்தார். அன்று வீடு திரும்பும் வழியில்தான், செண்பகவல்லியின் மச்சம் இடக்கன்னத்திலா வலக்கன்னத்திலா என்பது தமக்கு நினைவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

கரைந்த படங்களுக்கு ஊரில் தேவை மேலும் ஏறியது. கல்யாணங்களை ஏற்பாடு செய்துதரும் கஜலட்சுமி ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். வெற்றிலை போடாத நேரத்திலும் வெற்றிலை போட்டவளைப் போல நிதானமாகப் பேசுபவள்.

"பவுனு, ரைஸ் மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆர்டர் ஒனக்குன்னு வச்சிருக்கேன். ஆனா ஒன் ஐம்பது பத்தாது. எய்ட்டி ஃபைவ் லென்ஸு வேணும். ஒன்னு புள்ளி நாலு. அட்வான்ஸ் ஆறாயிரம் இப்பமே புடி."

"பின்னாடி ஆளு நிக்கணுமாக்கா?"

"நாப்பது பேரு நிறுத்துறோம், கூலிக்கு. வெறுஞ்சுவரு கரைஞ்சா என்ன அழகு? மனுசன் இருந்தாத்தான், தம்பி, கலரு கரையும்."

"அவங்க மங்கிப் போவாங்களே."

"நானூறு ரூவா குடுக்கோம், சாப்பாடு போடுறோம். யாரும் கையைப் புடிச்சு இழுத்துட்டு வரல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒஞ் சம்சாரத்தையும் அதுலயே சரிபண்ணிரலாம். எய்ட்டி ஃபைவ் போகஸ் கழுகு மாதிரி. மங்கினவங்களக்கூட கவ்விப் புடிச்சிருமாம்."

"யாருக்கா சொன்னா?"

"சொல்லுதாங்கப்பா."

மனிதன் நம்ப விரும்புகிறவற்றை எல்லாம் சொல்வதற்கென்றே இந்த 'சொல்லுதாங்க' என்னும் ஊர் ஒன்று எங்கோ இருக்கிறது; அதற்கு வழி கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். பவுன்ராஜ் அட்வான்ஸை வாங்கிக்கொண்டார். சீட்டுப் பணம் பதினாலாயிரம் கையில் இருந்தது. மறுநாள், புதன்கிழமை, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறினார்.

பழைய லென்ஸ்கள் விற்கும் அந்தக் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. கடைக்காரர் சிக்கந்தர், வாடிக்கையாளரின் பையைப் பார்த்தே பட்ஜெட்டைச் சொல்லக்கூடியவர்.

"வாங்கண்ணே. எய்ட்டி ஃபைவ்தான? ஊரே அதைத்தான் கேக்குது." அவர் ஒரு கறுத்த, கனத்த லென்ஸை எடுத்து மஞ்சள் துணிமேல் வைத்தார். அதன் முன்கண்ணாடி ஒரு கிணற்றைப் போலிருந்தது. "இருபத்தாறாயிரம். ஒங்க ஐம்பதைக் குடுத்தீங்கன்னா ஆறு கழிச்சுக்குறேன். இருபது. கரெக்டா கொண்டுவந்திருப்பீங்க."

கரெக்டாகத்தான் இருந்தது. பவுன்ராஜ் அதைத் தம் கேமராவில் மாட்டி வாசல் பக்கம் திருப்பினார். தெருவில் போன ஒரு பெண்ணின் கண்ணிமை வரை தெளிந்தது. அவளுக்குப் பின்னால் வந்த முதியவரும், சைக்கிளும், கரும்புச்சாறு வண்டிக்காரரும் வண்ணக் குழம்பாகிக் காணாமற்போனார்கள். அவர் அழுத்தவில்லை. விரல் மட்டும் அழுத்த விரும்பியது. அந்த விரலைக் கண்டு அவருக்குப் பயமாக இருந்தது.

"மங்கின ஆளை இது பிடிக்குமா பாய்?"

"மங்கின ஆளா? போகஸ்ஸுக்குக் கோடு வேணும்ணே, எட்ஜ் வேணும். இல்லாததை எங்க போய்ப் பிடிக்கும்?" சிக்கந்தர் சிரித்தார், பிறகு விற்பனையை நினைத்துச் சிரிப்பைத் திருத்திக்கொண்டார். "ஆனா மத்த லென்ஸைவிட நல்லாப் பிடிக்கும். அதுல சந்தேகமில்ல."

பவுன்ராஜின் பார்வை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. அங்கே நசுங்கிய டப்பாவைப் போல ஒரு சிறிய லென்ஸ் தூசியோடு கிடந்தது. அதன் கழுத்தைச் சுற்றி தூரத்தைக் குறிக்கும் எண்கள் அடிக்கணக்கில் செதுக்கப்பட்டிருந்தன.

"அதுவா? இருபத்தெட்டு எண் லென்ஸு. மேனுவல். அதுக்கு முகமெல்லாம் தேடத் தெரியாது. தையக்காரன் மாதிரி டேப்பு வச்சு தூரத்தை அளந்து, வளையத்துல வச்சுட்டு அழுத்த வேண்டியதுதான். பதினாறுல வச்சா நாலடிக்கு அந்தப் பக்கம் உள்ள அத்தனையும் விழும். சாக்கடை, போஸ்டர், நாய், எல்லாம். கல்யாண வீட்டுல இத வச்சு எடுத்தா ஒங்களை அடிப்பாங்கண்ணே. மாட்டுற வளையத்தோட ஒம்பதாயிரம். அதுவும் ஒருத்தரும் வாங்கல."

"இதை முகூர்த்தத்துல தொறந்திருக்காங்களா?"

"இதையா?" சிக்கந்தருக்குக் கேள்வி விளங்கவில்லை. "இதைத் தொறந்தாலே இருட்டுத்தாண்ணே."

இரண்டு லென்ஸ்களும் மஞ்சள் துணிமேல் அருகருகே இருந்தன. கையிலிருப்பது ஒன்றுக்குத்தான். பெரியதை வாங்கினால் ஆர்டர் உண்டு, வருமானம் உண்டு. ஒருவேளை கஜலட்சுமி சொன்னபடி அந்தக் கழுகு அவளைக் கவ்விக்கொண்டுவரவும் கூடும். இல்லையேல், வருகிற பணத்தில் அடுத்த மாதம் சின்னதையும் வாங்கிக்கொள்ளலாம். சின்னதை வாங்கினால் அட்வான்ஸைத் திருப்பவேண்டும், ஊர் சிரிக்கும், அதன்பின்னும் அவள் தெளிவாள் என்பதற்கு உறுதி இல்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் தமக்குள் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் எவ்வளவு நியாயமாக ஒலித்தது என்பதை எண்ணிப்பாருங்கள். உலகத்தில் கைவிடப்பட்டவர்கள் அனைவரும் அடுத்த மாதம் மீட்கப்பட இருந்தவர்களே.

அவருடைய கை பெரிய லென்ஸின் மேல் இருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் 'செண்பகம்' என்று இருந்தது. அவர் அந்தப் பெயரைப் படித்தார். யார் இது என்று யோசித்தார். ஆல்பம் ஒட்டக் கொடுத்த வீடா, பூக்கடையா, பணம் பாக்கி வைத்த யாராவதா என்று நினைவைத் துழாவினார். மூன்று முறை மணி அடித்து நான்காவது தொடங்கியபோதுதான் அது தம் மனைவியின் பெயர் என்பது உள்ளே இடறியது. அவர் அவசரமாகக் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" பஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கஜலட்சுமி அக்கா வந்தாங்க. மில்லுக்காரர் கல்யாணத்துக்குப் பின்னாடி நிக்க ஆளு பத்தலையாம். ஏற்கெனவே மங்கினவங்க நின்னா படத்துல பூ மாதிரி விழுதாம். நான் வாரேன்னுட்டேன்."

"ரெண்டாந் தடவை நின்ன தில்லை என்ன ஆனா தெரியுமா?" என்றார் அவர்.

"எந்தத் தில்லைங்க?" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "எப்படியும் யாரும் பாக்கப் போறதில்ல. நானூறு ரூவாயாச்சும் வரட்டுமே" என்றாள்.

பவுன்ராஜ் பெரிய லென்ஸைத் துணியோடு சேர்த்துத் தள்ளினார். "சின்னதக் குடுங்க பாய்" என்றார்.

"அண்ணே, நல்லா யோசிச்சு…"

"யோசிச்சா மறந்திரும் பாய். குடுங்க."

கடைசிப் பேருந்து போய்விட்டதால் அன்றிரவு மதுரையிலேயே தங்க நேர்ந்தது. காலை முதல் பேருந்தில் ஊர் திரும்பினார். இரண்டரை மணி நேரமும் அவர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். கருவேலங்காடுகள் கடந்தன, கல் குவாரி கடந்தது, பக்கத்து இருக்கைக்காரர் இவர் ஏதோ நேர்ச்சை செபம் செய்கிறாரென்று எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார், அவர் நிறுத்தவில்லை. ஆவாரங்கோட்டை நிறுத்தத்தில் இறங்கும்போது நடத்துநர், "அண்ணே, அஞ்சு ரூவா சில்லறை இருக்கா?" என்று கேட்டார். பவுன்ராஜ் பையில் கைவிட்டுத் தேடி, ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்து, தரையில் கால் வைத்தபோது பெயர் போயிருந்தது.

அவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தார். இருநூறு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையதாக இருந்தது. வீட்டுக்கு ஓடினார், கதவு பூட்டியிருந்தது, கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. தமக்கு மனைவி உண்டு என்பது மட்டும் தெரிந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு அறிவதைப் போல அது தெரிந்திருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்தபோது அவர் தலையைச் சொறிந்தார். "ஒங்க வீட்டுல… ஆமா, யாரோ இருந்தாகளே" என்றவர், "இன்னைக்கு வியாழக்கிழமைலா. மங்குன ஆளுகன்னா ரேஷனுக்குப் போயிருப்பாக" என்றார்.

ரேஷன் கடை முன்னே பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பதினொன்றும் ஈரத் துணியில் சிந்திய சாயங்களைப் போலிருந்தன. பச்சை ஒன்று, ஊதா ஒன்று, அரக்கு இரண்டு. வரிசைக்கு அப்பால் மற்ற ஊரார் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் தெளிவாக இருந்தார்கள், இந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினொருத்தியில் ஒருத்தி தம் மனைவி. எவளென்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிடுவதற்கு அவரிடம் பெயர் இல்லை. ஒவ்வொருத்தியிடமும் போய் நீ என் மனைவியா என்று கேட்பதற்கும் அஞ்சினார். ஆம் என்று இருவர் சொன்னால் என்ன செய்வது, ஒருத்தியும் சொல்லாவிட்டால் என்ன செய்வது?

பின்னாளில் அந்த இடத்தில் எடுத்த படத்தைப் பற்றி ஊரில் பலவாறு பேசினார்கள். சாக்கடை இவ்வளவு தெளிவாகத் தெரியவேண்டுமா என்று வார்டு உறுப்பினர் கேட்டார். சந்தைக்குப் போனவர்களில் சிலர், தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது அப்படியே பதிந்துவிட்டதென்று வருந்தினார்கள், வருத்தத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டார்கள். மில்லுக்காரர் வீட்டு ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. அங்கே நாற்பது பேர் நின்றார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும், பேசவும் அஞ்சுகிறோம். இப்போது அந்தக் காலைக்கே திரும்புவோம்.

அவர் ரேஷன் கடையின் கோணிச்சாக்குத் தைக்கிறவரிடம் டேப்பை இரவல் வாங்கினார். தாம் நின்ற இடத்திலிருந்து வரிசை வரை அளந்தார்: பதிமூன்று அடி. வளையத்தைப் பதிமூன்றில் வைத்தார், துவாரத்தைப் பதினாறில் வைத்தார். கண்ணில் பச்சைச் சதுரம் எதுவும் வரவில்லை. லென்ஸ் எவரையும் தேடவில்லை; தூரத்தை மட்டும் அறிந்திருந்தது. எவரை நடுவில் வைப்பது என்று வழக்கம்போல் ஒரு கணம் அவர் தவித்தார், பிறகு எவரையும் வைக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு அழுத்தினார்.

திறந்தபோது, கஞ்சி ஆறுகையில் மேலே ஆடை படிவதைப் போல, அவர்கள் மேல் விளிம்புகள் படிந்துகொண்டிருந்தன. முதலில் கைகள் வந்தன, பிறகு அட்டையைப் பிடித்திருந்த விரல்கள், விரல்களின் நகங்கள், பிறகு காதுகள், பிறகு முகங்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளின் மூக்குத்தியைத் தொட்டு, "நீதானாடி பக்கத்துல நின்னது, இத்தனை வாரமா?" என்றாள். ஒருத்தி கடைக்காரரிடம் ரேகைக் கருவியைக் கேட்டு வாங்கி விரலை வைத்து, வைத்து, எடுத்து மறுபடி வைத்தாள். ஒருத்தி சந்தைக்குப் போகிற தன் கணவனைப் பெயர்சொல்லி அழைத்தாள். அவன் காய்கறிப் பையைப் போட்டுவிட்டு நின்றான். பத்துப் பேரும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதையோ தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரக்குச் சேலைக்காரி ஒருத்தி மட்டும் அசையவில்லை. அவள் அவருடைய கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்க ஓங்கிய கையைப் பார்க்கும் முகம் அது. இத்தனை வாரங்கள் அந்தக் கரைசலுக்குள் இருந்தது பொறுமையல்ல, கேலியல்ல, பழக்கமும் அல்ல. முகூர்த்தத்தில் அவர் அழுத்திய அந்தக் கணத்திலிருந்து அவள் முகம் இப்படியேதான் இருந்திருக்கிறது, பார்ப்பதற்கு எவராலும் இயலவில்லை. ஊரில் வேறெந்தப் பெண்ணுக்கும் அவரைக் கண்டு இப்படி அஞ்ச வேண்டிய தேவை இல்லை. அவளே தம் மனைவி என்று அவர் அறிந்துகொண்டது அதனால்தான். மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது.

"செண்பகம்" என்றார். பெயர் முகத்தோடு வந்திருந்தது.

அவர் ஓரடி எடுத்துவைக்க, அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"அதைக் கீழ வைங்க" என்றாள். குரல் பஞ்சில்லாமல், கூர்மையாக இருந்தது. "வச்சிட்டு வாங்க."

அவர் கேமராவைச் சிந்திய அரிசியின்மேல் தரையில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து, இரு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் முன்னே நீட்டினார். அவள் அந்த வெறுங்கைகளைப் பார்த்தாள். திருப்பிக் காட்டச் சொன்னாள். அவர் திருப்பிக் காட்டினார். அதன் பிறகும் அவள் வரிசையில் தன் முறை வரும்வரை நின்று, அரிசியை வாங்கி, பையை அந்தக் கைகளில் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் வீட்டை நோக்கி நடந்தாள்.